கோழிக்கூட்டைச் சுற்றிக் கோலமா

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, புரட்டாசி மாதம். புரட்டாசி என்றதும் உங்களுக்கு மழைக்கு முந்திய புழுக்கம் நினைவுக்கு வரும். ஆக்லாந்தில் அது வசந்தம். விடியற்காலையில் புல்லெல்லாம் பனி, பிறகு வெயில், மதியம் திடீரென்று ஒரு மழை, மறுபடி வெயில். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டு, நகரின் மேற்கு எல்லையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். இப்போது வெஸ்ட்கேட் என்று கடைகளும் வீடுகளும் எழும்புகிற பக்கம்தான். அன்று அங்கே பழைய ஆப்பிள் தோட்டங்களும் குதிரை மேய்கிற வெளிகளும் மட்டுமே இருந்தன. ரென்ட் குறைவு என்று அத்தான் பிடித்த வீடு அது. பின்பக்கம் பெரிய காணி ஒன்று சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கிற காணியைக் கண்டால் அக்காவுக்குக் கை துறுதுறுக்கும். பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணையில் வயதுபோன கோழிகளை மலிவாகக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அட்டைப்பெட்டிகளில் கொஞ்சம் வாங்கி வந்தாள். பிறந்ததிலிருந்து கம்பிக்கூட்டுக்குள் நின்ற கோழிகள் அவை. முதல்நாள் புல்லில் இறக்கிவிட்டபோது நடக்கத் தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றன. செட்டையில் பாதி இறகு இல்லை. அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி நடக்கப் பழக்கினாள். இரண்டு மாதத்தில் செட்டை முளைத்து, காணி முழுக்கக் கிளறி, அத்தானின் மிளகாய்க் கன்றுகளையும் ஒரு கை பார்த்துவிட்டன.

அக்காவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அத்தானுக்கு அப்போது ஏழரைச் சனி. ஊரில் எஞ்சினியராக இருந்த மனிதர் நியூ லின்னில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அனுப்புகிற விண்ணப்பமெல்லாம் திரும்பி வந்தது. அதனால் அக்கா தினமும் சாப்பிடுவதற்கு முன் ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைப்பாள். சனிக்கிழமை என்றால் எள்ளும் தயிரும் சேர்த்து. பின்வேலித் தூணின் தலையில் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிடவும் செய்வாள்.

ஒரு சின்னச் சிக்கல். ஆக்லாந்தில் காகம் இல்லை.

"இஞ்சை காகமே இல்லையே அக்கா" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"முழு நாட்டையும் நீ சுத்திப் பாத்தனியோ?" என்றாள். கறுப்பும் வெள்ளையுமான மேக்பை பறவைகள் வந்து கொத்தும். மிச்சம் வேலியடியில் விழும்.

ஒருநாள் காலை கூட்டைத் திறந்தால் இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. கதவுக் கம்பி முறுக்கியபடியே இருந்தது. நிலத்தில் தோண்டின அடையாளம் இல்லை. எதுவும் தின்னவும் இல்லை. அத்தான் ஏதோ நோய் வருத்தம் வந்து செத்திருக்கும் என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. தூக்கிப் பார்த்தேன். பிடரியில், செட்டையை விலக்கினால் மட்டும் தெரிகிற மாதிரி, ஊசியால் குத்தினது போல இரண்டு சின்னத் துளைகள்.

"போன மாசம் ரேடியோ, அதுக்கு முந்தின மாசம் நட்சத்திரம், இப்ப செத்த கோழியோ?" என்று அக்கா என் கையைக் கழுவ அனுப்பினாள். உண்மைதான், எனக்கு ஒன்றிலும் கால் தரிக்காது. ஆனால் அந்தத் துளைகள் என்னை விடவில்லை. ரயிலில் போகும்போதும் அதுதான், விரிவுரையில் இருக்கும்போதும் அதுதான்.

அடுத்த வியாழக்கிழமை விஷயம் பெரிதாகிவிட்டது. பட்டப்பகலில் கோழிகள் கத்துகிற சத்தம் கேட்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடியிருக்கிறாள். ஒரு கோழி விறகு அடுக்கின் அருகே செத்துக் கிடந்தது. இன்னொன்று பக்கத்து வீட்டு நாயின் வாயில். கறுப்பு நிறம், கன்றுக்குட்டி அளவு. அக்கா கத்தியதும் கோழியைக் கீழே வைத்துவிட்டு வாலை ஆட்டியதாம்.

நாய்க்குச் சொந்தக்காரி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது, எந்நேரமும் காலில் முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ், உரத்த சிரிப்பு. அந்த வீட்டில் அவரும் அந்த நாயும் மட்டும்தான். நாங்கள் குடிவந்த அன்று ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்.

மாலையில் அத்தான் வந்து, நடந்ததைக் கேட்டு, நேரே தொலைபேசியை எடுத்து கவுன்சிலுக்குப் புகார் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை அதிகாரி வருவார் என்றார்கள். அத்தானின் வாதத்தில் பிழை பிடிக்கவும் முடியவில்லை.

"இந்த நாட்டிலை பாம்பும் இல்லை, நரியும் இல்லை. மரநாயும் இல்லை. நாயைத் தவிர வேறை ஆர் வந்து பிடிக்கிறது? சொல்லும் பாப்பம்."

நான் யோசித்தேன். "கூடு பூட்டிக் கிடந்ததே அத்தான், அண்டைக்கு?"

"நீர் படிக்கிற பிள்ளை. உமக்கேன் உந்த வேலை?"

அன்று மாலையே வேலியோரம் அந்தப் பெண்மணியைக் கண்டேன். வழக்கமான சிரிப்பு இல்லை. போன வருடம் அந்த நாய் ஒரு வெளியில் ஆடுகளைத் துரத்தியதாம். அப்போதே எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். இனி ஒரு விலங்கைக் கடித்தது என்று நிரூபணமானால் கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்றார். என்னைக் கோபிக்கவில்லை. "உன் அக்காவின் கோழிகள் எனக்கும் பிடிக்கும், மேட். இவன்தான் செய்தான் என்றால் செய்தான்தான். ஆனால் இவன் செய்தானா என்பது எனக்குத் தெரியவேண்டும்" என்றார்.

எனக்கும் அதேதான் தெரியவேண்டியிருந்தது! நான் போய் அந்த இரண்டு கோழிகளையும் பார்த்தேன். நாய் வாயிலிருந்த கோழியின் செட்டை எச்சிலால் நனைந்திருந்தது, ஆனால் எங்கும் கிழியவில்லை. பிடரியில் அதே இரண்டு துளைகள். விறகடியில் கிடந்ததிலும் அதே.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து நியூ லின்னில் இறங்கி நூலகத்துக்குப் போனேன். நாட்டு விலங்குகள் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து நின்றபடியே புரட்டினேன். ஸ்டோட் என்று ஒரு சிறு விலங்கு. கீரிக்குத் தம்பி என்று சொல்லலாம், உடம்பு இன்னும் மெலிசு. முயல்கள் பெருகிவிட்டன என்று வெள்ளைக்காரக் குடியேறிகள் பழைய காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். முயலை விட்டுவிட்டுப் பறவைகளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிடரியைக் கடித்துக் கொல்லும், தேவைக்கு மேலே கொல்லும், கட்டைவிரல் போகிற ஓட்டைக்குள் உடம்பை நுழைக்கும். வசந்தத்தில் குட்டிகள் இருப்பதால் பகலிலும் வேட்டையாடும். அதற்கு விருப்பமான இன்னொரு தீனி எலி.

நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு பாட்டில் இரண்டு ஸ்வரம் மட்டும் தெரிந்து, மிச்சமெல்லாம் ஒரே நேரத்தில் கேட்ட மாதிரி இருந்தது. புத்தகத்தின் கடைசியில் காலடித் தடங்களின் படங்களும் இருந்தன. நாய்க்கு நான்கு விரல். ஸ்டோட்டுக்கு ஐந்து, தாவித் தாவிப் போவதால் சோடி சோடியாக விழும். தடம் எடுத்துவிட்டால் போதும்!

தடம் எடுக்க என்ன வேண்டும்? மெல்லிய தூள். அக்காவின் குசினியில் கோலத்துக்கென்று அரைத்து வைத்த பச்சையரிசி மா ஒரு டின் நிறைய இருந்தது. கேட்காமலே எடுத்தேன். மாலையில் கூட்டைச் சுற்றிச் சுளகால் தெள்ளித் தூவினேன். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு" என்றாள்.

சனிக்கிழமை விடிந்தது. ஆக்லாந்தின் பனி என்ன செய்யும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மா முழுக்கக் கஞ்சியாகி, அந்தக் கஞ்சியிலும் பாதியை எலிகள் தின்றுவிட்டுப் போயிருந்தன. மிச்சத்தில் மேக்பையின் கால், என் கால், அக்காவின் செருப்பு. அத்தான் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, ரொம்பக் கவனமாகப் பார்த்து, "குற்றவாளி பாட்டா செருப்புப் போட்டிருக்கிறான்" என்றார்.

ஆனால் எலிகள்! இவ்வளவு எலிகள் எங்கிருந்து? வேலியோரமாகப் போய்ப் பார்த்தேன். அக்கா சோறு வைக்கிற தூணின் அடியில் வரிசையாக வளைகள். விஷயம் கண்முன்னால் கோர்த்துக்கொண்டு வந்தது. காகம் இல்லாத நாட்டில் காகத்துக்கு வைத்த சோறு எலிக்குப் போயிருக்கிறது. எலி தேடி ஸ்டோட் வந்திருக்கிறது. எலிக்குப் பத்தடி தள்ளிக் கோழி இருந்திருக்கிறது.

உற்சாகத்தில் இதை அக்காவிடம் அப்படியே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் எள்ளுச் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப நான் வைச்ச சோறுதான் என்ரை கோழியளைக் கொண்டது எண்டு சொல்லுறியோ?"

"அப்பிடி இல்லை அக்கா..."

"அந்த மனுசனுக்குச் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. இண்டைக்குச் சோறு வையாமல் விடச் சொல்லுறியோ? போடா, போய்ப் படி."

சோற்றைக் கொண்டுபோய்த் தூணில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். வழக்கத்தை விட உரத்துக் காகத்தைக் கூப்பிட்டாள்.

அன்று மாலை முறையை மாற்றினேன். பழைய தகரம் ஒன்றை இரண்டு செங்கல்மேல் வைத்துச் சின்னக் குகை மாதிரி ஆக்கினேன். அதற்குள் அக்காவின் பேக்கிங் தட்டு. தட்டில் கறுப்புக் காகிதம், அதன்மேல் மா, மெல்லிய படலமாக. விறகு அடுக்குக்கும் கூட்டுக்கும் நடுவில் வைத்தேன். இந்தமுறை பனி எட்டாது.

ஞாயிறு காலை தகரத்தைத் தூக்கினேன். எலித்தடம் நிறைய. அவற்றுக்கு ஊடே, அவற்றை விடப் பெரிதாக, சோடி சோடியாக, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள். தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்றே தாவல்.

தட்டை மேசைக்குக் கொண்டுவந்து, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து அத்தானுக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "எலிதான். இந்த நாட்டு எலி நல்லாத் திண்டு கொழுத்த எலி" என்றார். அக்காவும் வந்து எட்டிப் பார்த்தாள். தடத்தை அவள் பார்க்கவில்லை, புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள், திரும்பவும் அதே படத்துக்கு வந்தாள். உள்ளே போய்விட்டாள். பேக்கிங் தட்டை எடுத்ததற்குக் கோபம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். என்னைவிடச் சில வயது மூத்த இளைஞர், மரியாதையான ஆள். பக்கத்து வீட்டுப் பெண்மணி நாயைக் கயிற்றில் பிடித்தபடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். பஸ் ஓட்டப் போகாமல் லீவு போட்டிருந்தார். அத்தான் வேலைக்குப் போகிற உடுப்போடு நின்றார். நான் தட்டை ஏந்திக்கொண்டு, கோயிலில் தாம்பாளம் பிடிக்கிறவன் மாதிரி நின்றேன்.

என் விளக்கம் முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். தடத்தைக் குனிந்து பார்த்து, ஸ்டோட்தான் என்று ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே என்னைத் தரையில் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை இந்த வழியாக ஒரு ஸ்டோட் போயிருக்கிறது, அவ்வளவுதான் இந்தத் தட்டு சொல்கிறது. வியாழக்கிழமை யார் கொன்றது என்று சொல்லவில்லை. செத்த கோழிகள் எங்கே என்று கேட்டார். அத்தான் வெள்ளிக்கிழமையே புதைத்துவிட்டார். வியாழக்கிழமை நாயின் வாயில் கோழி இருந்ததைப் பார்த்தவர் இருக்கிறார், இல்லையா? அவரோடு பேசவேண்டும் என்றார்.

கணிதம் படிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு விஷயம் நடக்கலாம் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம்! பக்கத்து வீட்டுப் பெண்மணி நாயின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

அக்கா குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் விளங்கும், பேச வராது. என்னைக் கூப்பிட்டு, "நான் சொல்லுறன். நீ அப்பிடியே இங்கிலீசிலை சொல்லு. கூட்டாதை, குறைக்காதை" என்றாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, கோவியாதையுங்கோ."

அத்தான் எதையோ புரிந்துகொண்ட மாதிரி, "எடியே, அதை ஏன் இப்ப..." என்று தொடங்கினார். அவள் நிறுத்தவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலை, சோறு வைக்கப் போனபோது, வேலியடியில் ஒரு கீரி குறுக்கே ஓடியதாம். வாயில் எலி. நிறம் செம்மண், அடிவயிறு வெள்ளை, வால் நுனி மட்டும் மையில் தோய்த்தது போலக் கறுப்பு. வன்னியில் இருந்தபோது கண்ட செங்கீரிக்கும் வால் நுனி அப்படித்தான் இருக்கும். கீரி குறுக்கே போனால் காரியம் கைகூடும். அன்று பின்னேரமே அத்தானுக்கு இன்டர்வியூ என்று தபால் வந்தது. நல்ல சகுனத்தை ஊருக்குச் சொன்னால் பலிக்காது என்று அத்தானிடம் மட்டும் சொன்னாள்.

நான் வரி வரியாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சகுனம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம், அடுத்த வரியைக் கேட்க எனக்கே இருந்த அவசரம்தான்.

"வியாழக்கிழமை சத்தம் கேட்டு ஓடி வந்தன். நான் வரேக்கை ரெண்டு கோழியும் விழுந்து கிடந்தது. விறகுக்குள்ளை இருந்து கீரி பாய்ஞ்சு ஓடினது. நாய் அதுக்குப் பிறகுதான் வேலிக்குக் கீழாலை பூந்து வந்தது. வந்து ஒண்டைத் தூக்கினது. நாய்தான் முதலே கடிச்சுப்போட்டுத் திரும்பி வருது, அதுக்குப் பயந்து கீரி ஓடுது எண்டுதான் நான் நினைச்சன். கீரி எங்கடை வீட்டுக்கு நல்லது செய்ய வந்தது எண்டெல்லோ நினைச்சன்."

கடைசியாக, "நேற்று இவன்ரை புத்தகத்திலை படத்தைப் பாத்தன். அது கீரி இல்லை" என்றாள்.

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வால் நுனி என்ன நிறம், இன்னொரு தடவை சொல்ல முடியுமா? நான் மொழிபெயர்க்க முன்பே அக்கா தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினாள். அவர் தலையசைத்தார். அத்தானைப் பார்த்து, புகாரைத் தொடரப் போகிறீர்களா என்று கேட்டார். அத்தான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேண்டாம் என்றார். பிறகு வேலியருகே போய் அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் நாயின் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று பின்னேரம் அந்தப் பெண்மணியே சுத்தியலும் சின்னக் கண்ணிக் கம்பிவலைச் சுருளுமாக வந்துவிட்டார். கூட்டை அடி முதல் முகடு வரை அவரும் அத்தானும் நானுமாக மறுபடி அடைத்தோம். யாரோ தெரிந்தவரிடம் ஒரு மரப்பெட்டிப் பொறியும் வாங்கித் தந்தார். எங்கள் வீட்டு முட்டையைத்தான் இரையாக வைத்தோம். அந்த வாரமே ஸ்டோட் அகப்பட்டது. இவ்வளவு கொலை செய்தது இவ்வளவு சின்னதா என்று பார்த்தபடி நின்றேன். அக்கா வெளியே வந்து பார்க்கவில்லை. சோறு வைப்பதை அவள் நிறுத்தவும் இல்லை. வைரவரின் வாகனம் நாய்தானே, சனீஸ்வரனுக்கும் அவர் பெரியவர்தானே என்று தானே ஒரு வழி கண்டுபிடித்து, சனிக்கிழமைகளில் எள்ளுச் சோற்றை வேலிக்கு மேலால் நீட்டத் தொடங்கினாள். அந்தக் கறுப்பு நாய் தட்டையும் சேர்த்து நக்கியது. எலிகள் மெல்ல மெல்ல வேறு இடம் பார்த்துப் போயின.

அத்தானுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. நீ அந்தச் சகுனத்தை வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று அத்தான் அக்காவிடம் கேட்கவில்லை. அக்காவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு இடத்தில், எந்தக் கீரியும் குறுக்கே ஓடாமலே, அவருக்கு வேலை கிடைத்தது.

அந்த வாரத்தில் நான் நிலத்தைக் கேட்டேன், புத்தகத்தைக் கேட்டேன், மாவைக் கேட்டேன், தினமும் அந்த வேலியடியில் போய் நிற்கிற அக்காவிடம் "நீ என்ன கண்டாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதைவிடவும் எனக்குள் நிற்பது இது: எனக்கு அது ஒரு புதிர், விடை வந்தால் மகிழ்ச்சி, அவளுக்கோ அந்த வீட்டுக்கு வெகுகாலத்துக்குப் பிறகு வந்த ஒரே நல்ல சகுனம், அதை அடுத்த வீட்டு நாய் ஒன்றுக்காகத் தன் வாயாலேயே கலைத்துவிட்டாள். உண்மையைக் கண்டுபிடிப்பதை விட அதைச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று இன்றைக்கும் நான் அளந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.